டட்டில் வீட்டு உத்தரம்

அக்டோபர் மாதத்து வெள்ளிக்கிழமைக் காலை. இருபத்திரண்டு பேருடைய பெட்டிகளையும் பஸ்ஸின் வயிற்றில் அடுக்குவதற்கு முன்னால், பழைய போர்வையில் சுற்றிய கட்டை ஒன்றை ஆக உள்ளே தள்ளி வைத்தாள் வெர்னா கூம்ஸ். மூன்றடி நீளம், கனத்த ஓக் மரம். கூடவே கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தி ஒன்று, விரல் தடிமனில் ஒரு மர ஆணி.

"என்னடி அது, பொணமா?" என்றாள் பின்னால் வந்து நின்ற டோர்கஸ். எண்பத்தொரு வயதுக்காரி. மூன்று புருஷன்களைப் புதைத்துவிட்டு, பழைய வீட்டு அன்பர்கள் சங்கத்துக்குச் செயலாளராக இருப்பவள்.

"இன்னும் இல்ல," என்றாள் வெர்னா.

டோர்கஸ் சிரித்துக்கொண்டே ஏறிப் போனாள். அவள் அதை ஜோக் என்று நினைத்தாள். வெர்னா ஜோக் அடிக்கிற மனுஷி இல்லை.

வெஸ்ட் ஆர்டன் ஊரில் வெர்னாவைத் தெரியாதவர்கள் கிடையாது. முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். பனியில் வழுக்காமல், பிள்ளைகளின் கத்தலுக்குத் திரும்பாமல், ஒரு நாள் தாமதமாகாமல் ஓட்டினாள். புருஷன் கூம்ஸ் ஒரு தடவை மீன் பிடிக்கப் போனவன் ஃப்ளோரிடாவிலேயே தங்கிவிட்டான். தன் பெயரை மட்டும் விட்டுப்போனான், அவளும் அதைத் திருப்பிக் கொடுக்கச் சோம்பல்பட்டு வைத்துக்கொண்டாள். பள்ளிக்கூட வேலை முடிந்ததும் சங்கத்துக்காரர்களின் வருடாந்திரச் சுற்றுலாவுக்கு பஸ் ஓட்ட வந்தாள். அது ஒன்பது வருஷமாக நடக்கிறது. மூன்று நாள், மாசசூசெட்ஸ் முழுக்க, முன்னூறு வருஷத்து வீடுகளாகத் தேடிப் போய்க் கூரையைப் பார்த்து ஆவென்று நிற்பார்கள். டிரைவர் உள்ளே போவதில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்பதுதான் வழக்கம்.

அவள் பிறந்த பெயர் வெர்னா டட்டில். அதை இந்தக் கும்பலில் டோர்கஸைத் தவிர யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. முக்கியமாக எல்பிரிட்ஜ் ஹாப்குட் வைத்திருக்கவில்லை.

எல்பிரிட்ஜ் சங்கத்தின் தலைவர். எழுபத்து நான்கு வயது, வெள்ளை மீசை, கம்பளிக் கோட்டு, பேச ஆரம்பித்தால் நிறுத்துவதற்கு ஆள் வேண்டும். அவரைப் பார்த்தாலே வெர்னாவுக்கு வயிறு எரியும். ஒன்பது வருஷமாக அவருக்கு பஸ் கதவைத் திறந்துவிட்டிருக்கிறாள், ஒன்பது வருஷமாக வயிறு எரிந்திருக்கிறது. சிலருக்கு மறதி என்ற வரம் உண்டு. கடவுள் வெர்னாவுக்கு அதைக் கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால், மார்ச் மாதத்து ஊர்க்கூட்டம். தீயணைப்பு நிலையத்தை அகலப்படுத்த இடம் வேண்டும், பக்கத்திலிருந்தது வெர்னாவின் அப்பா ஆசா டட்டிலின் வீடு. வீடு உண்மையிலேயே பழசு என்றால் ஊர் அதைத் தொடாது, வேறு இடம் பார்க்கும். பழசா இல்லையா என்று சொல்ல வேண்டியவர் ஊர் வரலாற்றுக் குழுத் தலைவர் எல்பிரிட்ஜ். அவர் கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்னால் வீட்டைப் பார்க்க வந்திருந்தார். ஆசா அவருக்குத் தன் கையால் ஆப்பிள் பை பலகாரம் சுட்டு வைத்தார். மாடியில் வெர்னா படுக்கிற அறையின் உத்தரத்தை டார்ச் அடித்துக் காட்டினார். "எங்க ஆளுங்க ஆயிரத்து எழுநூறுல வெட்டின மரம் சார் இது," என்றார். எல்பிரிட்ஜ் இரண்டு துண்டு பை தின்றார். அந்த உத்தரத்தை ரொம்ப நேரம் தடவிப் பார்த்தார்.

கூட்டத்தில் எழுந்து அவர் சொன்னது இவ்வளவுதான்: "அது ஆயிரத்து எண்ணூற்று நாப்பதுக்கு அப்புறம் எவனோ ஒட்டுப்போட்டுக் கட்டின கொட்டகை. வரலாறுன்னு ஒரு மண்ணும் இல்ல."

ஆசா பதில் சொல்ல எழுந்தார். மரம் அறுக்கிற தொழிற்சாலையில் வேலை பார்த்த மனுஷன், நாலு பேர் முன்னால் வாய் திறந்து பழக்கமில்லை. குரல் எழும்பவில்லை. மேடையிலிருந்து எல்பிரிட்ஜ் காதில் கையை வைத்துக்கொண்டு, "சத்தமா சொல்லுங்க ஆசா, பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல," என்றார். ஆசா மறுபடி ஆரம்பித்தார். "சத்தமா, ஆசா." மூன்றாவது தடவை எல்பிரிட்ஜ் அதைச் சொன்னபோது மொத்த மண்டபமும் சிரித்தது. ஆசா உட்கார்ந்துவிட்டார். கை தூக்கி ஓட்டுப் போட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரனும் கை தூக்கினான். இருபத்தைந்து வயது வெர்னா அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கையையும் பார்த்து மனதில் எழுதிக்கொண்டாள்.

வீட்டை இடித்த அன்று ஆசா போய் நின்றார். குப்பையிலிருந்து ஒரு தாங்குகட்டையை மட்டும் உருவி எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு, சலவைக் கடைக்கு மேலே வாடகைக்குப் பிடித்த அறைக்கு நடந்தே வந்தார். உத்தரம் சாயாமல் தூணிலிருந்து சாய்வாகப் போய்ப் பிடிக்கிற கட்டை அது. துளைக்குள் செருகுகிற அதன் நாக்குக்குப் பக்கத்தில் உளியால் வெட்டிய மூன்று கீற்று, ஓரத்தில் கம்பத்துக் கொடி மாதிரி ஒரு சின்ன வெட்டு. வெர்னா சின்னப் பிள்ளையாக இருந்தபோது தூக்கம் வருகிறவரை விரலால் தடவிக்கொண்டிருந்த குறி. கட்டையில் நீலச் சாயம் ஒட்டியிருந்தது. சமையலறை அலமாரிக்கு வாங்கி மிஞ்சிய சாயத்தை அவள் அம்மா அந்த அறை முழுக்க, உத்தரம் கட்டை என்று பார்க்காமல் பூசி வைத்திருந்தாள்.

இரண்டு குளிர்காலம் கழித்து ஆசா அந்த அறையிலேயே செத்துப்போனார். கடைசிவரை யாரிடமும் சத்தமாகப் பேசவில்லை.

இதெல்லாம் ஆறிப்போயிருக்கும் என்று யாராவது சொல்லலாம். போன வருஷம் வரைக்கும் ஓரளவு ஆறியும் இருந்தது. போன வருஷம்தான் எல்பிரிட்ஜ் சுற்றுலாவின் கடைசி நிறுத்தமாகத் தன் சொந்த வீட்டையே சேர்த்தார். இருபது வருஷமாகப் பார்த்துப் பார்த்துப் புதுப்பித்தாராம். அன்று ஆலங்கட்டி மழை, பஸ்ஸில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. "வெறச்சுச் சாகாதடி, உள்ள வா," என்று டோர்கஸ் கையைப் பிடித்து இழுத்துப்போய்ச் சூடான ஆப்பிள் சாறு கொடுத்தாள். குவளையோடு வெர்னா தலையைத் தூக்கினாள். முன்னறையின் நடுவே, கணப்புக்கு மேலே, தேய்த்துத் தேய்த்து எண்ணெய் போட்ட ஓர் ஓக் உத்தரம். அதில் மூன்று கீற்று, ஒரு கொடி. பக்கத்தில் ஒரு காலித் துளை.

எல்பிரிட்ஜ் கைத்தடியால் அதைத் தட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்: "மர வளையத்தை எண்ணிப் பார்க்கற நிபுணரே வந்து சொல்லிட்டார். ஆயிரத்து எழுநூத்தி ஒண்ணு! இந்த மாவட்டத்துலயே இதுதான் மூத்த வீடு. இந்தத் துளை என்னன்னு கேக்கறீங்களா? தச்சன் மனசு மாறி விட்டுட்டான். அந்தக் காலத்து ஆளுங்களும் நம்மள மாதிரிதான!" எல்லாரும் சிரித்தார்கள்.

வெர்னா ஆப்பிள் சாற்றை முழுக்கக் குடித்தாள். குவளையைக் கழுவி வைத்தாள். பஸ்ஸில் போய் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அன்றே உள்ளே போய்க் கத்தியிருக்கலாம். கத்தினால் என்ன ஆகியிருக்கும்? ஒரு பஸ் டிரைவருக்குக் கிறுக்குப் பிடித்தது என்று பேசிக்கொண்டு போயிருப்பார்கள். இந்த ஊரில் சத்தம் போட்டு யாரும் ஜெயித்ததில்லை, சத்தம் போடாமலும் ஜெயித்ததில்லை. அவள் ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். கோடையில் டோர்கஸிடம் போய், "இந்தத் தடவை போற வழிய நான் போட்டுத் தரட்டுமா? ரோடு எனக்குத்தான தெரியும்," என்றாள். டோர்கஸுக்கு ஒரு வேலை மிச்சம்.

முதல் நாள் பிளிமத். வழக்கம்போலக் கடற்கரையில் பள்ளத்துக்குள் கிடக்கிற, இங்கிலாந்திலிருந்து வந்த முதல் குடியேறிகள் கால் வைத்ததாகச் சொல்கிற அந்தப் பாறையை எட்டிப் பார்த்தார்கள், வழக்கம்போல யாரோ, "இவ்வளவுதானா?" என்றார்கள். மத்தியானம் ஒரு பழைய கப்பல்காரர் வீடு. வெர்னா பஸ்ஸைப் பூட்டிவிட்டு அவர்களோடு உள்ளே போனாள்.

"டிரைவரம்மாவுக்கும் ஆசை வந்துடுச்சு போல!" என்றார் எல்பிரிட்ஜ்.

"ஒம்பது வருஷமா வெளியிலயே பார்த்தேன் சார். உள்ள என்ன இருக்குன்னு இந்த வருஷம் பார்த்துடலாம்னு."

வழிகாட்டிப் பெண் கட்டில், கணப்பு, பிரசவ அறை எல்லாம் சொல்லி முடித்ததும் வெர்னா கை தூக்கினாள். "அந்தத் தூண்ல உளியால கீறி வெச்சிருக்கே, அது என்ன?"

அந்தப் பெண்ணுக்கு முகம் மலர்ந்துவிட்டது. யாரும் கேட்காத கேள்வி. அந்தக் காலத்துத் தச்சன் கட்டைகளைத் தரையில் போட்டு ஒவ்வொரு நாக்கையும் அதனதன் துளைக்கென்றே செதுக்குவான் என்றாள். எந்த நாக்கு எந்தத் துளைக்கு என்று மறக்காமலிருக்க இரண்டிலும் ஒரே குறியை வெட்டுவான். கல்யாணக் குறி என்று பெயர். "ஒரு நாக்கு அதோட ஜோடித் துளைலதான் உக்காரும். வேற துளைல வெச்சா ஆடும், இல்லாட்டி உள்ளயே போகாது."

"என் மூணு புருஷனுங்க மேலயும் இப்படி ஒரு குறி வெட்டியிருந்தா நான் முதல் ரெண்டு தப்பு பண்ணியிருக்க மாட்டேன்," என்றாள் டோர்கஸ். பஸ்ஸுக்குத் திரும்புகிறவரை அதே பேச்சுதான்.

மறுநாள் சுதந்திரப் போர் தொடங்கிய லெக்சிங்டன் புல்வெளி, கான்கார்ட் பாலம். பிறகு வெர்னா போட்ட வழியில் ஒரு பழைய சத்திரம், அங்கே பரணில் ஏறினால் கண்ணுக்கு நேரே குறிகள். இப்போது அவள் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. "அதோ அஞ்சு கீற்று! ஜோடி எங்க?" என்று கூட்டமே தேட ஆரம்பித்துவிட்டது. ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவர் முழங்கால் வலியை மறந்து ஏணியில் ஏறினார். மூன்றாம் நாள் காலை ஒரு பாதிரியார் வீட்டில், வழிகாட்டி வாயைத் திறப்பதற்குள் இவர்களே அவனுக்குப் பாடம் எடுத்தார்கள். வெர்னா கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்கு வேண்டியது இருபத்திரண்டு சாட்சிகள். தயாராகிவிட்டார்கள்.

எல்பிரிட்ஜ் மட்டும் கொஞ்சம் முறுக்கிக்கொண்டார். "என்ன, வீட்டோட அழகைப் பார்க்காம கீறலையே பார்த்துக்கிட்டிருக்கீங்க?"

"நீங்க கத்துக்குடுத்ததுதான் சார்," என்றாள் வெர்னா. "பழசை உத்துப் பார்க்கணும்னு."

பிற்பகல் இரண்டு மணிக்கு ஹாப்குட் வீடு. வாசலில் பச்சைத் துணி போட்டு மூடிய வெண்கலப் பலகை. அன்று திறந்து வைக்கப்போகிறார்கள். 'ஹாப்குட் இல்லம், 1701' என்று அதில் வார்த்திருப்பது எல்லாருக்கும் தெரியும். உள்ளே ஆப்பிள் சாறு, சர்க்கரை தூவிய டோனட். எல்பிரிட்ஜ் கணப்பின் முன்னால் நின்று கைத்தடியைத் தூக்கினார். உத்தரத்தைத் தட்டினார். தச்சன் மனசு மாறிய கதையை ஆரம்பித்தார்.

இந்த வருஷம் யாரும் சிரிக்கவில்லை.

"எல்பிரிட்ஜ்," என்றார் பல் டாக்டர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு. "துளை பக்கத்துல குறி இருக்கே. மூணு கீற்று, ஒரு கொடி. ஜோடி இல்லாம குறி எப்படி வரும்? துளைக்குள்ள ஆணி போட்ட ஓட்டையும் இருக்கு பாருங்க. இங்க ஒரு கட்டை இருந்திருக்கு."

"இருந்திருக்கலாம். விழுந்திருக்கலாம். முன்னூறு வருஷம் ஆச்சு இல்லையா," என்றார் எல்பிரிட்ஜ்.

"விழல," என்றது வாசலிலிருந்து ஒரு குரல்.

வெர்னா போர்வையோடு நின்றாள். கூட்டம் வழிவிட்டது. அறையின் நடுவே வந்து போர்வையை அவிழ்த்துத் தரையில் போட்டாள். கட்டையைத் திருப்பி எல்லாருக்கும் காட்டினாள். மூன்று கீற்று, ஒரு கொடி. நீலச் சாயம்.

"டிரைவரம்மா, இது என்ன கூத்து?" என்றார் எல்பிரிட்ஜ்.

"டாக்டர், உங்க டார்ச்சை அந்தத் துளைக்குள்ள அடிங்க. என்ன கலர் தெரியுதுன்னு சொல்லுங்க."

பல் டாக்டர் அடித்துப் பார்த்தார். ஆயிரம் வாய்களுக்குள் பார்த்த மனுஷன். "நீலம்," என்றார் மெதுவாக. "விளிம்புல வழிஞ்சு காஞ்சிருக்கு. இதே நீலம்."

"எங்க அம்மா பூசினது. இவரு வெளிய எல்லாத்தையும் சுரண்டிட்டாரு, உள்ள கை போகல." வெர்னா கட்டையைத் தூக்கினாள். முப்பது வருஷம் பெரிய ஸ்டியரிங்கைத் திருப்பிய கைகள். யாருடைய உதவியும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. நாக்கைத் துளையின் வாயில் வைத்தாள், அடியில் கொட்டாப்புளியால் இரண்டு தட்டு. மயிரிழை இடைவெளி இல்லாமல் உள்ளே போய் உட்கார்ந்தது. யாரோ "கடவுளே!" என்றார்கள். மர ஆணியை ஓட்டையில் வைத்து ஓங்கி அடித்தாள். ஒவ்வொரு அடிக்கும் எல்பிரிட்ஜின் தோள் தூக்கிப்போட்டது. கையை எடுத்தாள். கட்டை உத்தரத்திலிருந்து சாய்வாக நீட்டிக்கொண்டு நின்றது, ஆடவில்லை.

"என் பேரு வெர்னா டட்டில்," என்றாள். "ஆசா டட்டில் மக. இப்ப ஞாபகம் வருதா? பை தின்னீங்களே, ரெண்டு துண்டு?"

எல்பிரிட்ஜ் கைத்தடியைக் கீழே இறக்கினார். டோர்கஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், ஆனால் கண்ணை அவர்மேலிருந்து எடுக்கவில்லை. "கொட்டகைன்னு சொன்னியே எல்பிரிட்ஜ்," என்றாள். "நானும் அன்னிக்குக் கை தூக்கினேன். உன் வார்த்தைய நம்பித் தூக்கினேன்."

"நான் காப்பாத்தினேன்!" என்றார் அவர். "எப்படியும் வீட்டை இடிச்சிருப்பாங்க. இது குப்பையோட எரிஞ்சு போயிருக்கும். நான் எடுத்து வெச்சேன், அதனாலதான் இன்னிக்கு நீங்க பார்க்கறீங்க. இதுல என்ன தப்பு?"

"காப்பாத்தினவன் வெளிய சொல்லுவான். பேரை மாத்தி வாசல்ல பலகை அடிக்க மாட்டான்." வெர்னாவின் குரல் உயரவே இல்லை. "பழசுன்னு ஒரு வார்த்தை அன்னிக்குச் சொல்லியிருந்தா வீடே நின்னிருக்கும். உனக்கு உத்தரம் வேணும், அதனால எங்க வீடு கொட்டகை ஆச்சு. எங்கப்பா சலவைக் கடை மாடியில கெடந்து செத்தாரு."

ஒன்பது வருஷமாகச் 'சார்' என்று கேட்டுப் பழகிய காதில் அந்த 'உனக்கு' விழுந்ததும் எல்பிரிட்ஜ் நிமிர்ந்து பார்த்தார். அறையில் ஒருவராவது தன் பக்கம் பேசுவார் என்று தேடினார். பல் டாக்டர் டோனட்டைத் தட்டில் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். டோர்கஸ் எழுந்து வெளியே போனாள். ஸ்க்ரூ கழற்றுகிற சத்தம் கேட்டது. வெண்கலப் பலகையைப் பச்சைத் துணியோடு சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"இது இப்போதைக்கு என்கிட்ட இருக்கட்டும்," என்றாள். "வெர்னா, உனக்கு என்னடி வேணும்? கேளு. சங்கம் உன் பின்னாடி நிக்கும்."

"எடுத்துக்கிட்டுப் போயிடு," என்றார் எல்பிரிட்ஜ் சட்டென்று. "உத்தரத்தை அறுத்துக் குடுத்துடறேன். இன்னிக்கே ஆள் வரச்சொல்றேன். இத்தோட விட்டுடு."

வெர்னா தலையை நிமிர்த்தி உத்தரத்தைப் பார்த்தாள். படுக்கை இருந்த இடம், ஜன்னல் இருந்த இடம், அம்மா ஸ்டூல்மேல் நின்று சாயம் பூசிய இடம் எல்லாம் கணக்காக அவளுக்குத் தெரிந்தது. ஒரு நிமிஷம் அழுதுவிடுவாள் என்று டோர்கஸ் நினைத்தாள். அழவில்லை.

"எடுத்துக்கிட்டுப் போய் எங்க வைக்கறது? வீடு எங்க இருக்கு?" என்றாள். "இங்கயே இருக்கட்டும். அந்தக் கட்டையும் இருக்கட்டும், ஒருத்தரும் தொடக் கூடாது. வருஷா வருஷம் அக்டோபர்ல நான் பஸ்ஸைக் கொண்டாந்து நிறுத்துவேன். நீ இதே எடத்துல, இதே கைத்தடிய வெச்சுக்கிட்டு நின்னு, இது யார் வீட்டு மரம்னு வர்றவங்களுக்குச் சொல்லணும். நீ இருக்கற வரைக்கும். இன்னிக்கே ஆரம்பி."

"வெர்னா, வயசான மனுஷன் நான்..."

"எங்கப்பாவும்தான்."

பிறகு அவள் நடந்து போய்க் கடைசி ஆளுக்கும் பின்னால், வாசற்கதவில் சாய்ந்து நின்றுகொண்டாள். எல்லாரும் எல்பிரிட்ஜைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கைத்தடியைத் தூக்கினார். உதட்டை நனைத்துக்கொண்டார்.

"இது... ஆசா டட்டில் வீட்டு உத்தரம்," என்று முணுமுணுத்தார்.

வெர்னா காதில் கையை வைத்துக்கொண்டாள்.

"சத்தமா சொல்லுங்க எல்பிரிட்ஜ். பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல."

அவருக்கு அப்போதுதான் எல்லாமே ஞாபகம் வந்தது. மண்டபம், மேடை, சிரிப்பு. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி சொன்னார்.

"சத்தமா, எல்பிரிட்ஜ்."

மூன்றாவது தடவை அவர் கத்தினார். வாசலைத் தாண்டி, நிறுத்தியிருந்த பஸ்ஸைத் தாண்டி, சாலை வரைக்கும் கேட்டிருக்கும். யாரும் சிரிக்கவில்லை. வெர்னா ஒரு தடவை தலையை ஆட்டிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு பஸ்ஸைக் கிளப்பப் போனாள்.